கரடி தின்ற படையல்

1

இந்த வருஷம் என் மனைவியின் நினைவு நாளுக்கு வைத்த படையலை ஒரு கரடி சாப்பிட்டுவிட்டது. சிரிக்கத் தோன்றினால் சிரித்துக்கொள்ளுங்கள். எழுதும்போது எனக்கும் நடுநடுவே சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த ஒரு தட்டுச் சோற்றால் என் மகன் சூசையின் பிழைப்புக்கே ஆபத்து வந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

புதுச்சேரியிலிருந்து என் தம்பி எழுதும் கடிதம் பிரான்சின் மார்செய் துறைமுகம் வழியாகக் கப்பலேறி, அங்கே இன்னொரு கப்பல் மாறி, கனடா நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை ரயிலில் வந்து என் கையில் சேர இரண்டு மாதம் ஆகிவிடும். அதில் எப்போதும் மூன்று கேள்விகள் இருக்கும். குளிர் எப்படி இருக்கிறது? சோறு கிடைக்கிறதா? பையனுக்கு நம் பேச்சு நினைவிருக்கிறதா? முதல் இரண்டுக்கும் ஒழுங்காகப் பதில் எழுதுவேன். மூன்றாவதற்கு வந்ததும் தாள் தீர்ந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். போன கடிதத்தில் புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தான். நம் ஊர் மாதப் பத்திரிகைக்கு உன் வேட்டை அனுபவத்தை எழுது, அங்கே புலி உண்டா என்று எல்லோரும் கேட்கிறார்கள் என்று நச்சரித்திருந்தான். புலி கிடையாது. மற்றதெல்லாம் கீழே.

2

என் பெயர் சின்னப்பன் பெனுவா. பெரிய கடை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் பிறந்தவன். என் அப்பா மேரியில், அதாவது நகரசபை அலுவலகத்தில், சேவகராக இருந்தார். கையெழுத்துப் போட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறியபோது பெனுவா என்ற பெயரை எடுத்துக்கொண்டார். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டதற்கு, எழுதச் சுலபமாக இருந்தது என்றார்.

நான் கடற்கரைப் பக்கம் ஒரு பிரெஞ்சு துரை வீட்டில் சமையல்காரன். என் மனைவி மதலேனாள் அதே வீட்டில் துணி துவைத்துப் பெட்டி போடுகிறவள். துரையின் அண்ணன் கனடாவின் மேற்கு மலையடிவாரத்தில் குதிரைப் பண்ணை வைத்திருந்தார். துரைக்கும் ஆசை வந்தது. வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்பினார். 'நீயும் வா, உன் சாப்பாடு இல்லாமல் என்னால் முடியாது' என்றார். புகழ்ச்சிக்கு மயங்கித்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். வேறு காரணம் எதுவும் கிடையாது.

இங்கே வந்து இறங்கின துறைமுகத்தில் ஒரு குமாஸ்தா என் காகிதத்தைப் பார்த்தான். பிரெஞ்சுப் பிரஜை என்று இருந்தது. என் முகத்தைப் பார்த்தான். மறுபடி காகிதம், மறுபடி முகம்.

"பிரெஞ்சுக்காரன் இப்படி இருக்கமாட்டானே" என்றான்.

"எங்கள் ஊரில் இப்படியும் இருப்பார்கள்" என்று பிரெஞ்சில் சொன்னேன். அவனுக்குப் பிரெஞ்சு தெரியாது.

கடைசியில் இனம் என்ற கட்டத்தில் 'இந்து' என்று எழுதினான். சம்பா கோயிலில் ஞானஸ்நானம் பெற்று, கழுத்தில் மாதா உத்தரியம் தொங்க நின்றுகொண்டிருந்த நான் அந்த மேசையில்தான் இந்து ஆனேன். இந்த நாட்டில் இந்தியாவிலிருந்து வந்தவன் எவனானாலும் இந்துதான். மர ஆலைகளில் வேலை செய்யும் தலைப்பாகைச் சீக்கியர்களும் இந்து, நானும் இந்து. ஒரு தடவை திருத்தச் சொல்லி மனுக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து வந்த பதிலில் என் பெயரையும் தப்பாக எழுதியிருந்தார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

சூசை இங்கே பிறந்தவன். அவனுக்கு இரண்டு வயதிருக்கும்போது ஐரோப்பாவில் பெரிய போர் வந்தது. துரை தன் நாட்டுக்காகப் போரிடப் போனார், திரும்பவில்லை. பண்ணை கைமாறியது. நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம். போர் முடிகிற வருஷம் உலகம் பூராவும் பரவிய விஷக்காய்ச்சலில் மதலேனாள் ஐந்தே நாளில் போய்விட்டாள். அப்போது சூசைக்கு ஆறு வயது.

வந்த முதல் குளிர்காலத்தில் அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"இன்னாங்க, இந்த ஊர்ல மண்ணே கல்லு மாதிரி வெறைச்சிப் போவுதே, யாருனா செத்தா எப்புடிப் பொதைப்பாங்க?"

அந்த விஷயத்தில் அவள் கெட்டிக்காரி. மண் இறுகுவதற்கு முன்பே, அக்டோபர் மாதத்தில் போய்விட்டாள்.

பையனைக் கன்னியாஸ்திரீகளின் பள்ளியில் விட்டுவிட்டு நான் ரயில் பாதை போடும் முகாம்களிலும் மரம் வெட்டும் முகாம்களிலும் சமைத்துக்கொண்டிருந்தேன். வருஷத்துக்கு இரண்டு தடவை பார்த்தால் அதிகம். அதனால் அவனுடைய தமிழ் ஆறு வயதிலேயே நின்றுவிட்டது. இப்போது ஆறடி உயரம், முகம் நிறையத் தாடி. குடித்துவிட்டு வம்புக்கு வருகிறவனைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி வெளியே வைப்பான். அப்படிப்பட்டவன் தமிழில் வாயைத் திறந்தால், "எனக்கு வாணாம் போ" என்று மதலேனாளின் மடியில் உட்கார்ந்திருந்த பிள்ளை பேசும். அது அவனுக்கும் தெரியும். அதனால் பேசுவதே இல்லை. மற்றவர்கள் முன்னால் என்னை அப்பா என்றும் கூப்பிடமாட்டான். சமையல்காரனை இவர்கள் கூப்பிடுவது போல 'குக்' என்பான். எனக்கு வலிக்கும். சோற்றுப் பானையைக் கிளறிக்கொண்டே இருப்பேன்.

ஆனால் குதிரையும் மலையும் அவனுக்கு அத்துப்படி. வேட்டைக்காரர்களை மலைக்குக் கூட்டிப்போகிறவனுக்கு இங்கே சர்க்கார் உரிமச் சீட்டு வேண்டும். இந்துவின் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று அவர்களுக்கு ஒரே சந்தேகம். இரண்டு குளிர்காலம் அலையவிட்டார்கள். எங்கள் இருவரையும் வேலைக்கு வைத்திருக்கும் வேட்டை முகாம் முதலாளியும் பங்குச் சாமியாரும் கடிதம் கொடுத்த பிறகுதான் கிடைத்தது. அந்தச் சீட்டை எண்ணெய்த் துணியில் சுற்றி உள்சட்டைப் பையில் வைத்திருப்பான். அது இருந்தால் அவன் கைடு. இல்லாவிட்டால் லாயத்தில் சாணி அள்ளுகிறவன்.

3

இவர்கள் எல்க் என்று சொல்வது ஒரு பெரிய மான். நம் பக்கத்துக் கடமானை இரண்டு மடங்காகப் பெருக்கி, தலையில் ஒரு காய்ந்த வேப்பமரத்தை நட்டால் எப்படி இருக்கும், அப்படி. இலையுதிர் காலத்தில் கடா ஜோடி தேடிக் கத்தும். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து புல்லாங்குழலை ஓங்கி ஊதினதுபோல ஒரு சத்தம் வரும். சூசை ஒரு மரக்குழாயை வாயில் வைத்து அதேபோல ஊதுவான். எதிரி வந்துவிட்டான் என்று கடா பாய்ந்து வரும். கூட வந்த விருந்தாளி சுடுவார். சுட்டவர் பெயர் செய்தித்தாளில் வரும், ஊதினவன் பெயர் வராது.

இந்த வருஷம் வந்த விருந்தாளி கரையோரப் பட்டணத்து மர ஆலை முதலாளி. கெட்டவர் இல்லை. பேசிக்கொண்டே இருப்பவர். அவர், சூசை, நான், ஒன்பது குதிரைகள். முகாமுக்குப் போய்ச் சேர இரண்டு நாள் சவாரி.

என் சவாரியைப் பற்றி என்ன சொல்ல? புதுச்சேரியில் நான் ஏறின ஒரே வாகனம் ஆள் தள்ளும் புஸ்புஸ் வண்டி. அதுவும் கல்யாணத்தன்று. இங்கே எனக்கென்று ஒரு கிழட்டுப் பெண்குதிரை இருக்கிறது. ஒன்பது வருஷப் பழக்கம். என்னை ஒரு சோள மூட்டையாகவே நினைத்துச் சுமக்கிறது. முதல் நாள் சாயங்காலம் இறங்கினால் கால்கள் இரண்டும் எனக்குச் சொந்தமில்லாதவை போல இருக்கும். அந்தக் கால்களோடு அடுப்பு மூட்ட வேண்டும்.

அப்படி மூட்டும்போதெல்லாம் ஊசுட்டேரிதான் ஞாபகத்துக்கு வரும். துரை தை மாதத்தில் வாத்துச் சுடப் போவார். விடியும் முன்னே மாட்டு வண்டியில் சட்டி பானையோடு நானும் போவேன். ஏரிக்கரைப் பனி, தண்ணீரின் மேல் ஆவி, கோரைக்குள் மார்பளவு இறங்கித் துரை நிற்பார். கூலியாட்கள் முழங்கால் சேற்றில் நின்று வாத்தைப் பொறுக்கி வருவார்கள். நான் கரையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பேன். சூரியன் ஏறினதும் பக்கத்து ஊர்க்காரர்கள் தயிர்ப்பானையோடு வந்து வேடிக்கை பார்ப்பார்கள். மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிடும். வீட்டுக்குப் போனால் மதலேனாள், "இன்னா, இன்னிக்கும் ரெக்கை பிச்சிட்டு வந்தீங்களா?" என்று கேட்டபடியே என் தலைமுடியில் ஒட்டியிருக்கும் இறகை எடுப்பாள். உலகத்தின் இந்தக் கோடிக்கு வந்தும் என் வேலை மாறவில்லை. யாரோ சுடுகிறார், நான் வெங்காயம் நறுக்குகிறேன். இறகை எடுக்கத்தான் ஆளில்லை.

இந்த மலையில் கிரிஸ்லி என்றொரு கரடி உண்டு. தோளில் திமில், கையில் கடப்பாரை நீளத்துக்கு நகம். கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டேன், ஆனால் பார்த்தவன் அப்படித்தான் சொல்வான். குதிரையைவிட வேகமாக ஓடும். அதன் மூக்குக்கு மலையின் மறுபக்கத்தில் பொரியும் பன்றிக்கொழுப்பும் எட்டும். அதனால் முகாமில் ஒரு சட்டம். சாப்பாட்டுப் பொருள் எதுவும் தரையில் கிடக்கக்கூடாது. சாப்பிட்டு முடித்ததும் மூட்டை கட்டி, இரண்டு மரங்களுக்கு நடுவே கயிற்றில் ஏற்றிவிட வேண்டும். கழுவின தண்ணீரைக்கூடத் தூரத்தில் குழி தோண்டி ஊற்ற வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இந்தச் சட்டத்தைச் சொல்லிக்கொடுப்பவன் யார் தெரியுமா? நான்தான்.

4

மதலேனாளின் நினைவு நாள் முகாமில் நாலாவது நாளாக வந்தது. வழக்கமாக நான் அந்த நாளில் ஊரில் இருப்பேன். காலையில் பூசை கேட்டு, கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றி, வீட்டில் படையல் வைப்பேன். படையல் வைப்பது சாமியார்களுக்குப் பிடிக்காது. நம் ஊர்ச் சாமியாருக்கும் பிடிக்காது என்பது உங்களுக்கே தெரியும். தெரிந்தும் நம் வீடுகளில் வைக்காதவர் யார்? மதலேனாள் தன் அப்பாவுக்கு வருஷா வருஷம் வைப்பாள். சோறு, கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காய், ஒரு தம்ளர் தண்ணீர். வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி எல்லோரையும் வெளியே துரத்துவாள். சூசை கதவிடுக்கில் கண்ணை வைப்பான். அவன் காதைப் பிடித்து இழுத்து, "எட்டிப் பாக்காதடா. தாத்தா சாப்புடுறாரு. நாம பாத்தா கூச்சப்பட்டுக்கினு எழுந்து பூடுவாரு" என்பாள். ஒரு ஜெபமாலை சொல்லி முடிக்கிற நேரம் வெளியே நிற்க வேண்டும். பிறகு கதவைத் திறந்து நாங்கள் சாப்பிடுவோம்.

அவள் கடலோரக் கனகசெட்டிக்குளத்துப் பெண். கருவாடு இல்லாமல் ஒரு வாரம் இருந்தால் முகம் வாடிவிடும். இந்த ஊருக்கு வந்து ஆறேழு வருஷமும் நான் ஆற்று மீனுக்கு உப்புப் போட்டு, கூரைமேல் காயவைத்துப் பார்த்திருக்கிறேன். அது கருவாடு மாதிரி இருக்கும், கருவாடாக இருக்காது. அவள் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தாங்க இருக்குது" என்பாள். அந்த 'தாங்க'வில் எல்லாம் அடங்கியிருக்கும்.

இந்த வருஷமும் ஒரு சின்ன டப்பாவில் அந்தக் கருவாடும், வெயில் காலத்தில் நானே இடித்து உருட்டிக் காயவைத்த தாளிப்பு வடகமும் என் மூட்டைக்குள் இருந்தன. அன்று விடியற்காலையில் சூசையும் விருந்தாளியும் மேல் பள்ளத்தாக்குக்குப் போய்விட்டார்கள். முகாமில் நான் மட்டும். முற்பகலில் சோறு வடித்தேன். புளி கிடைக்காத ஊர், காய்ந்த புளிப்பு ஆப்பிளை ஊறவைத்துக் கரைத்தேன். கத்தரிக்காய்க்குப் பதில் உருளைக்கிழங்கு. வடகத்தை எண்ணெயில் போட்டதும் வந்த வாசனையில் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பெரிய கடையின் மீன் பக்கம், வீட்டுச் சந்து, அவள் புடவைத் தலைப்பு எல்லாம் ஒரே நொடியில் வந்துவிட்டன. அழுதேன். யாரும் இல்லாத இடம், அழுவதற்கு என்ன வெட்கம்?

கூடாரத்துக்குக் கதவு கிடையாது, ஒரு துணிதான். உள்ளே விருந்தாளியின் சேணமும் ஈரக் காலுறைகளும் நாறிக்கொண்டிருந்தன. அங்கே அவளை உட்காரவைக்க எனக்கு மனசில்லை. ஓடைக்குப் பக்கத்தில் ஒரு தட்டைப் பாறை இருந்தது. அதன்மேல் தகரத் தட்டை வைத்து, தம்ளரில் தண்ணீர் வைத்து, முதுகைத் திருப்பிக்கொண்டு விறகடுக்கிப் பக்கம் போய் ஜெபமாலையை எடுத்தேன். ஒரு ஜெபமாலை நேரம்தானே, உடனே எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாவது பத்துமணி சொல்லும்போது சூசை இரண்டு பொதிக்குதிரைகளோடு ஓடைப்பக்கமாக இறங்கி வந்தான்.

"விழுந்துவிட்டது, குக். பெரிய கடா. அவரால் அறுக்க முடியவில்லை. ஒரு கை வேண்டும், உடனே வா" என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

மழை மேகம் ஏறிக்கொண்டிருந்தது. இறைச்சி நனைந்தால் கெட்டுவிடும். கத்தியையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு என் கிழட்டுக் குதிரையில் ஏறினேன். பாறை என் நினைவிலேயே இல்லை.

5

திரும்பும்போது பிற்பகல் பாதி கடந்துவிட்டது. முன்னால் சூசை, அவன் பின்னால் விருந்தாளி, பிறகு இறைச்சி ஏற்றின குதிரைகள், கொம்பை முதுகில் கட்டின செம்பழுப்புக் குதிரை, கடைசியில் நான். அந்தச் செம்பழுப்பை சூசை குட்டியிலிருந்து பழக்கினவன். கொம்பு போன்ற பயமுறுத்தும் சுமையை அது ஒன்றுதான் சுமக்கும். ஓடை வளைவு தாண்டினதும் முன்குதிரை காதை நிமிர்த்தி நின்றது.

கூடாரம் சரிந்து கிடந்தது. அதன் நடுவிலிருந்து கரடி எழுந்தது. முகம் பூராவும் அடுப்புச் சாம்பல். அதன் வாயில் நான் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த குழம்புச் சட்டி. இதை இப்போது எழுதும்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது என் உடம்பில் ஓடின ஒரே நினைப்பு, சூசை எனக்கும் அதற்கும் நடுவில் நிற்கிறான் என்பதுதான்.

கரடி எங்களைத் தொடவில்லை. இரண்டு காலில் நின்று பார்த்தது, பிறகு சட்டியோடு மேட்டில் ஏறி மரங்களுக்குள் போய்விட்டது. நாசம் செய்தவை குதிரைகள்தான். விருந்தாளியின் குதிரை பின்காலில் எழும்பி அவரைக் கல்மேல் தள்ளியது. தோளெலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. செம்பழுப்பு மிரண்டு சரிவில் பாய்ந்தது. முதுகிலிருந்த கொம்பு ஒரு மரத்தில் மாட்டி, உருண்டு, பள்ளத்தில் விழுந்தது. முன்னங்கால் முறிந்துவிட்டது. சூசை இறங்கிப்போனான். ஒரு குண்டுச் சத்தம் கேட்டது. மேலே வந்தபோது அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

சாப்பாட்டு மூட்டை இரண்டு மரங்களுக்கு நடுவே பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கரடியைக் கூட்டிவந்தது வேறு ஏதோ என்று விருந்தாளிக்குப் புரிந்துவிட்டது. வலியோடு சுற்றும் முற்றும் பார்த்தவர் பாறையடியில் கிடந்த தட்டைக் கண்டார். நடுவில் நாலு பல் ஓட்டை.

"யார் இங்கே சாப்பாடு வைத்தது?" என்று கத்தினார்.

நான் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் சூசை சொன்னான்:

"நான்தான். மத்தியானச் சாப்பாடு. எடுக்க மறந்துவிட்டேன். என் தப்பு."

"உன் சீட்டைப் பிடுங்க வைக்கிறேன் பார்" என்றார் விருந்தாளி.

நான் பேசாமல் நின்றேன்.

6

அந்த மௌனத்தைப் பற்றி எழுதாமல் தாண்டிப்போகலாம். தம்பிக்கு எழுதும் கடிதமாக இருந்தால் தாண்டியிருப்பேன்.

திரும்பின இரண்டு நாள் சவாரியிலும் விருந்தாளியிடம் உண்மையைச் சொல்ல நான் வாய் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, உண்மை. இந்த வயதில் இந்த முகத்துக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? ஆனால் பயத்தைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. செத்துப்போனவளுக்குச் சோறு வைத்தேன் என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? இந்து என்றால் இப்படித்தான் என்று ஊர் பூராவும் சொல்லிச் சிரிப்பார். இருபத்தைந்து வருஷமாக முள்கரண்டியால் சாப்பிட்டு, தொப்பி வைத்துக்கொண்டு, இவர்களைப் போலவே வானிலை பேசிப் பழகினவன் நான். அந்த வேஷம் கலைந்துவிடுமே என்றுதான் என் பிள்ளையின் சீட்டைப் பறிகொடுக்க இருந்தேன்.

ஒரு இடத்தில் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்ட நின்றோம். விருந்தாளி தள்ளி உட்கார்ந்திருந்தார்.

"ஏன்டா அப்படிச் சொன்ன?" என்று தமிழில் கேட்டேன்.

"விடு, குக்" என்றான். சேணத்தின் வாரை இறுக்கிக்கொண்டே இருந்தான். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

என் தட்டு என்று அவனுக்குத் தெரியும், என்னைக் காப்பாற்றுகிறான் என்று மட்டும் புரிந்தது. அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

7

வேட்டை இலாகா அலுவலகம் ஊரின் கடைசியில் ஒரு பலகை வீடு. அதிகாரி நடுத்தர வயதுக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். விருந்தாளியின் புகார் அவர் மேசையில் இருந்தது. விசாரணைக்குச் சூசையை மட்டும்தான் கூப்பிட்டிருந்தார்கள். நானும் கூடவே போய் உட்கார்ந்தேன். ஏன் வருகிறாய் என்று அவன் கேட்கவில்லை.

அதிகாரி படிவத்தை எடுத்து, "தட்டு உன்னுடையது என்று ஒப்புக்கொள்கிறாயா?" என்று தொடங்கினார்.

"அவனுடையது இல்லை, என்னுடையது" என்று எழுந்து நின்றேன்.

"என்ன உணவு?"

"சோறு. மீன் குழம்பு."

"யாருக்காக வைத்தாய்?"

"என் மனைவிக்கு."

பேனா நின்றது. "உன் மனைவி முகாமில் இருந்தாளா?"

"இல்லை. இந்த ஊர்க் கல்லறையில் இருக்கிறாள். பதினெட்டு வருஷமாக."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நினைவு நாள், கதவைச் சாத்துவது, முதுகைத் திருப்பிக்கொள்வது, கூடாரத்துக்குக் கதவில்லாதது. என் ஆங்கிலம் சமையலறை ஆங்கிலம், உப்பும் மாவும் கேட்க உதவும். இதற்குப் போதவில்லை. போதாத இடத்தில் பிரெஞ்சைப் போட்டு நிரப்பினேன். அதிகாரி சிரிக்கவில்லை. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று படிவத்தை மேலும் கீழும் தேடினார்.

"அப்படியானால் கைடு இந்தத் தட்டைப் பார்க்கவில்லை. அப்படித்தானே?" என்று சூசையிடம் கேட்டார். கேட்ட விதத்திலேயே அவர் வழி விடுகிறார் என்று தெரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சீட்டு அவன் பைக்குள்ளேயே இருக்கும். சொல்லிவிடுடா என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

"பார்த்தேன்" என்றான் சூசை.

"எப்போது?"

"குக்கைக் கூப்பிட வந்தபோது. அந்தப் பாறையை ஒட்டித்தான் இறங்கினேன்."

"தரையில் சாப்பாடு கிடக்கக்கூடாது என்று உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"கரடி வரும் என்று தெரியாதா?"

"தெரியும்."

"பிறகு ஏன் அதை எடுக்கவில்லை?"

சூசை வாயைத் திறந்தான். ஆங்கிலத்தில் ஏதோ தொடங்கி நிறுத்தினான். தாடியைத் தடவினான், தொப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். பிறகு அதிகாரியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"அம்மா சாப்ட்டு முடிக்கலல்லப்பா. எப்புடி எடுக்கறது?"

அதிகாரி என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறான்?"

நான் மொழிபெயர்த்தேன். ஒரு தடவையில் முடியவில்லை. மறுபடி சொன்னேன். அதிகாரி பேனாவை மையில் தொட்டு எழுதினார். காரணம்: உணவு தரையில் விடப்பட்டது. முடிவு: உரிமம் ஒரு வருஷத்துக்கு நிறுத்திவைப்பு. அவர் செய்தது சரிதான். ஒருத்தர் தோள் முறிந்திருக்கிறது, ஒரு குதிரை செத்திருக்கிறது. சூசை உள்சட்டைப் பையிலிருந்து எண்ணெய்த் துணியை எடுத்துப் பிரித்து, சீட்டை மேசைமேல் வைத்தான். துணியை மட்டும் மடித்துத் திரும்பவும் பைக்குள் வைத்துக்கொண்டான்.

வெளியே வந்தோம். பனி லேசாக விழ ஆரம்பித்திருந்தது. பிள்ளையின் பிழைப்பு ஒரு வருஷத்துக்குப் போய்விட்டது. போகக் காரணம் நான். அழ வேண்டிய நேரம். ஆனால் ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும், அந்தத் தெருவில் நான் சந்தோஷமாக இருந்தேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் எனக்கு நினைவில்லை.

கொஞ்ச தூரம் நடந்ததும் சூசை கேட்டான். அதே ஆறு வயதுத் தமிழ்.

"அப்பா, இன்னும் கருவாடு கீதா?"

"ஏன்டா?"

"அம்மாவோடத கரடி சாப்ட்டுச்சே. அவங்களுக்கு இன்னும் குடுக்கவேல்ல."

வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டினேன். டப்பாவில் அடியில் இரண்டு துண்டு இருந்தது. சோறும் குழம்பும் உருளைக்கிழங்கும் மேசைமேல் வைத்தோம். தண்ணீரை அவன் ஊற்றினான். கதவைச் சாத்திக்கொண்டு வெளிப் படியில் இறங்கி நின்றோம். அப்போது பனி நன்றாகவே விழுந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரி ஜன்னல் திரையை விலக்கி, இரண்டு ஆண்கள் சொந்த வீட்டுக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குளிரில் ஏன் நிற்கிறார்கள் என்று பார்த்தாள். நான் ஜெபமாலையைத் தொடங்கினேன். தமிழில் அவனுக்கு வராது. அவன் பங்கை லத்தீனில் சொன்னான்.

முடிந்தது. நான் அசையவில்லை. அவன் காலை மாற்றி மாற்றி நின்றான்.

"இன்னும் எவ்ளோ நேரம்பா?"

"நில்லுடா. உங்கம்மா மெதுவாத்தான் சாப்புடுவா."